காவலர் சம்பளத்தில் பிடிக்கும் அந்த 10 சதவீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். மகன் சிறப்புக் காவல் படையில் இரண்டாம் நிலைக் காவலர். ஓய்வூதியப் பங்களிப்பு என்று மாதாமாதம் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? போலீஸ் வேலையின் ஆபத்தைப் பார்த்து அதற்கென்று தனி விகிதம் வைக்க மாட்டார்களா? மற்ற நாடுகளில் எப்படி?

முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் கசப்பானது. ஓய்வூதியப் பங்களிப்பை நிர்ணயிக்க அடிப்படையில் இரண்டு வழிதான் உண்டு. ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு தருவோம் என்று முதலில் வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மாதம் எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது ஒன்று. மாதம் இவ்வளவு போடுவோம் என்று முதலில் எழுதிவிட்டு, கடைசியில் சேர்ந்தது எவ்வளவோ அதை எடுத்துக்கொள் என்பது இன்னொன்று. முதல் வழியில் விகிதம் ஏறி இறங்கும், ஓய்வூதியம் அசையாது. இரண்டாவதில் விகிதம் அசையாது, ஓய்வூதியம் என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2003இல் தமிழ்நாடு இரண்டாவது வழியில் போனது. அந்த வழியில் விகிதத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழாது. ஒரு முழு எண்ணை எடுத்து எழுதிவிட்டால் போதும்.

எழுதியது நிதித் துறை. அரசாணை எண் 259, நாள் 6.8.2003. 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பணியில் சேர்ந்த எல்லோருக்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான், அதாவது எல்லோரும் சொல்கிற சி.பி.எஸ். ஊழியர் 10 சதவீதம், அரசு அதே அளவு. மத்திய அரசு தன் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு அறிவிக்கை வெளியிட்டது அதே ஆண்டு டிசம்பர் 22இல். அமலுக்கு வந்தது 1.1.2004இல். நாம் டெல்லிக்கும் முந்திக்கொண்டோம். டெல்லியில் அப்போது நடந்த விவாதங்களிலும் பத்துக்குப் பத்து என்ற எண்தான் புழங்கியது. அதுவே இங்கும் வந்து உட்கார்ந்தது.

தேதியைப் பற்றி ஒரு விஷயம். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்து, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டது நினைவிருக்கும். அந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளும் இதே 2003 ஆகஸ்ட் 6தான். அன்றைய சூழ்நிலையில், இனிமேல் சேரப் போகிறவர்களின் ஓய்வூதியத்துக்காக வாய் திறக்கத் தெம்பு யாருக்கு இருந்திருக்கும்?

சரி, பிடித்தத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 18,200. அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்தால் 10,556. இரண்டும் சேர்த்து 28,756. அதில் பத்தில் ஒரு பங்கு 2,876 ரூபாய். ஊதியப் பட்டியலில் சி.பி.எஸ். என்ற வரிக்கு நேரே இருப்பது இந்தத் தொகைதான். வீட்டு வாடகைப்படி, இடர்படி, உணவுப்படி, சீருடைப்படி எதுவும் இந்தக் கணக்கில் சேராது. வேலையின் ஆபத்துக்கென்று கொடுக்கிற இடர்படிகூட ஓய்வூதியக் கணக்கின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அகவிலைப்படி ஏறினால் பிடித்தமும் தானாக ஏறும்; விகிதம் மட்டும் 2003இல் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அடுத்த கேள்வி, தனி விகிதம். கிடையாது. அரசாணை 259 காவலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பள்ளி ஆசிரியரையும் ஒரே தட்டில் வைத்தது. சட்டப்படி வேறாக வைக்கத் தடையில்லை. காவல் துறையும் மாநில அரசு கொடுக்கும் ஓய்வூதியமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்கு மட்டும் மத்திய அரசு விலக்குக் கொடுத்ததைப் போல, காவலருக்கென்று தனி விதி எழுதச் சென்னையால் முடியும். எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரே துறைக்குள்ளேயே வேறு விதத்தில் வித்தியாசம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. எஸ்.பி. ஐ.பி.எஸ். அதிகாரி, அகில இந்தியப் பணி. 2004க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் அவருக்கு மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டம். அதில் அரசின் பங்கு 1.4.2019 முதல் 14 சதவீதம். அவருக்குக் கீழே பணியாற்றும் காவலருக்கு சி.பி.எஸ். படி அரசின் பங்கு 10. இருவர் கையிலிருந்தும் பிடிப்பது அதே பத்துதான். ஒரே அலுவலகம், ஒரே கருவூலம், இரண்டு விகிதம். ஒருவர் பங்கை டெல்லி ஏற்றியது, இன்னொருவர் பங்கைச் சென்னை ஏற்றவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது.

பணம் எங்கே போகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. எஸ்.பி.யின் பணம் நிதி மேலாளர்கள் வழியாகக் கடன் பத்திரத்துக்கும் பங்குச் சந்தைக்கும் போகிறது. உங்கள் மகனின் பணம் அப்படிப் போவதில்லை. தமிழ்நாடு அந்தக் கட்டமைப்பில் சேராமல் பணத்தைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, பழைய ஓய்வூதியக்காரர்களின் பொது வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது ஜி.பி.எஃப்.க்கு, கொடுக்கும் அதே வட்டியைக் கொடுக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அது 7.1 சதவீதம். சந்தை விழுந்தால் நஷ்டம் இல்லை, எழுந்தால் லாபமும் இல்லை.

இந்த 10+10 போதுமா என்று ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். வேலையில் இருக்கும்வரை வட்டியும் சம்பள உயர்வும் ஒரே வேகத்தில் போவதாகவும், ஓய்வுக்குப் பிறகு வட்டியும் அகவிலைப்படி உயர்வும் ஒரே வேகத்தில் போவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு வருடமும் போடுகிற 20 சதவீதம், கடைசிச் சம்பளத்தில் 20 சதவீதமாகவே வந்து நிற்கும். 25 வயதில் சேர்ந்து 60 வரை 35 வருடம் என்றால் 700 சதவீதம், அதாவது ஏழு வருடச் சம்பளம். பழைய ஓய்வூதியம் போலக் கடைசிச் சம்பளத்தில் பாதியை மாதாமாதம் எடுத்தால் 14 வருடம் வரும். 74 வயதில் கணக்குத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கும் இல்லை, அவர் மனைவிக்கும் இல்லை. உண்மையில் நிலைமை இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆண்டு உயர்வு, அகவிலைப்படி, ஊதியக் குழு, காலமுறையில் ஏட்டு, சிறப்பு எஸ்.ஐ. என்று வரும் பதவி உயர்வு எல்லாம் சேர்ந்தால் சம்பளம் 7.1ஐ விட வேகமாக ஏறக்கூடும். அப்போது அந்த ஏழு ஆறாகச் சுருங்கும்.

இதே கணக்கில் 28.5 என்று போட்டுப் பாருங்கள். 35 வருடத்துக்குக் கிட்டத்தட்ட பத்து வருடச் சம்பளம். பாதியாக எடுத்தால் 20 வருடம், 80 வயது வரை. 28.5 நான் சும்மா எடுத்த எண் இல்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டு 1.4.2025இல் அமலுக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் பங்கு 10, அரசின் பங்கு 18.5, கூட்டினால் 28.5. அரசு தரும் 18.5இல் 10 ஊழியர் பெயரில் இருக்கும் கணக்குக்குப் போகிறது, 8.5 எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகுப்பு நிதிக்குப் போகிறது. 25 வருடம் முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி உறுதி. அதாவது டெல்லி இரண்டாவது வழியிலிருந்து முதல் வழிக்குப் பாதி தூரம் திரும்பி வந்திருக்கிறது. வாக்கு முதலில் வந்தது, அதன் பின்னால் விகிதம் வந்தது. இதற்கு வழிகாட்டிய குழுவின் தலைவர் டி.வி. சோமநாதன் தமிழ்நாடு அணியைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி என்பது கூடுதல் தகவல்.

இனி வெளிநாடு. முதல் வழி எப்படி நடக்கிறது என்று பார்க்க இங்கிலாந்துதான் நல்ல இடம், ஏனென்றால் அங்கே காவலருக்கென்றே தனி ஓய்வூதியத் திட்டமும் தனி விகிதமும் இருக்கின்றன. அரசு ஆக்சுவரி துறை என்று ஒன்று உண்டு. ஆக்சுவரி என்பவர் எத்தனை பேர் எந்த வயதில் ஓய்வு பெறுவார்கள், எத்தனை பேர் பணியில் காயம்பட்டு விலகுவார்கள், எத்தனை வயது வரை இருப்பார்கள், சம்பளம் என்ன வேகத்தில் ஏறும் என்று கணித்து, கொடுத்த வாக்குக்கு இன்றைய விலை என்ன என்று சொல்பவர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கணிப்பு நடக்கும். உள்துறை அமைச்சர் அதை வைத்து விதியில் விகிதத்தை எழுதுவார்.

2015இல் தொடங்கிய அங்கத்திய காவலர் திட்டத்தில் காவலர் தரும் பங்கு சம்பளத்துக்கேற்ப 12.44, 13.44, 13.78 சதவீதம் என்று மூன்று படியாக வைக்கப்பட்டது. அங்கே சாதாரண அரசு ஊழியர் கொடுப்பது 4.6இலிருந்து 8.05 வரைதான். போலீஸ்காரர் ஏன் அதிகம் கொடுக்க வேண்டும்? ஆபத்தான வேலை என்றால் குறைத்தல்லவா வாங்க வேண்டும் என்று தோன்றும். கணக்கு நேர்மாறாகப் போகிறது. பழைய 1987 திட்டத்தில் 30 வருடம் முடித்த காவலர் ஐம்பது வயதை ஒட்டி, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். வேலை பார்த்த வருடங்களுக்குச் சமமாக ஓய்வூதியம் வாங்கும் வருடங்களும் வந்துவிடும். காயம், நோய் என்று முன்கூட்டியே விலகுகிறவர்களும் அதிகம். வாக்கு கனமாக இருந்தால் விலையும் கனமாகத்தான் இருக்கும். ஆகவே 'போலீசுக்குத் தனி விகிதம்' என்று கேட்கும்போது எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். பலனைச் சொல்லாமல் விகிதத்தை மட்டும் கேட்டால், கூடுதலாகப் பிடிப்பதுதான் நடக்கும். நம்மூர்க் காவலர் 60 வரை வேலை பார்க்கிறார் என்பதால் சீக்கிர ஓய்வு என்ற செலவு இங்கே இல்லவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசின் பங்கு, அதாவது காவல் படைகள் தரும் பங்கு, அங்கே எப்படி ஏறியது என்பது இன்னும் சுவையானது. 2015இல் 21.3 சதவீதம். 2019 ஏப்ரலில் 31. 2024 ஏப்ரலில் 35.3. இடையில் காவலருக்குப் புதிய சலுகை எதையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. பெருமளவு ஏற்றம் வந்தது கழிவு விகிதம் என்ற ஒற்றை எண்ணால், அதாவது பணம் வருடத்துக்கு இவ்வளவு வளரும் என்று வைக்கும் அனுமானத்தால். முப்பது வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய 100 ரூபாய்க்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்? பணம் வருடத்துக்கு 8 சதவீதம் வளரும் என்று வைத்தால் 10 ரூபாய் போதும். 6 சதவீதம்தான் வளரும் என்றால் 17 ரூபாய் வேண்டும். வாக்கு அதேதான், அனுமானம் இரண்டு புள்ளி இறங்கியதற்கு விலை எழுபது சதவீதம் எகிறிவிட்டது. பிரிட்டனில் இந்த எண்ணை விலைவாசி உயர்வுக்கு மேல் 3 சதவீதம் என்பதிலிருந்து 2.4க்கும், பிறகு 2023இல் 1.7க்கும் நிதியமைச்சகம் இறக்கியது. ஒவ்வொரு முறையும் காவல் படைகளின் பங்கு குதித்தது. 2019இல் படைத் தலைமைகள் ஆள் குறைப்பு செய்ய வேண்டிவரும் என்று கூச்சல் போட, உள்துறை 15.3 கோடி பவுண்டு தனி மானியம் கொடுத்துச் சமாளித்தது. இத்தனைக்கும் அங்கே இந்தப் பணம் எங்கும் முதலீடு செய்யப்படுவதில்லை. வருகிற பங்களிப்பில் இன்றைய ஓய்வூதியத்தைக் கொடுக்கிறார்கள், துண்டு விழுந்தால் உள்துறை போடுகிறது. ஆனாலும் விகிதம் ஏறியதன் சுமையைக் காவலர் தலையில் வைக்கவில்லை. அரசின் பங்கில்தான் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கலிஃபோர்னியா வேறு மாதிரி பாடம். 1999இல், பங்குச் சந்தை உச்சத்தில் இருந்தபோது, நெடுஞ்சாலைக் காவலருக்கு ஐம்பது வயதில் ஓய்வு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 3 சதவீதம் என்று ஒரு சட்டம் வந்தது. 30 வருடத்துக்கு 90 சதவீதம்! முதலீட்டு உபரியே இதைத் தாங்கிக்கொள்ளும் என்றார்கள். நகரங்களும் தங்கள் போலீசுக்கு அதையே கொடுத்தன. சந்தை சரிந்தது, 2008இல் இன்னொரு முறை சரிந்தது. வல்லேஹோ என்ற நகரம் அந்த ஆண்டு திவால் மனு போட்டது. போலீஸ், தீயணைப்புத் துறைச் செலவுதான் பெரிய காரணம். அதன் பிறகு 2013 முதல் அமலான சட்டத்தில் நல்ல விதி ஒன்று வந்தது. அந்தந்த வருட உழைப்புக்கு ஈடான ஓய்வூதியத்தின் விலை என்ன என்று ஆக்சுவரி தனியாகக் கணக்கிட வேண்டும். புதிதாகச் சேரும் காவலர் அதில் பாதியைக் கொடுக்க வேண்டும். மொத்த விலை சம்பளத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் அவர் பங்கும் மாறும். பழைய பற்றாக்குறை, அதாவது முன்னால் தவறாகப் போட்ட கணக்கின் பாக்கி, தனியாக நிர்வாகத்தின் தலையில். இப்படிப் பிரித்து வைத்ததில் எனக்குப் பிடித்தது, யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பது காகிதத்தில் தெரிகிறது. நம் ஊதியப் பட்டியலில் அது தெரியாது.

இங்கிலாந்தில் விகிதத்தை மாற்றும் முன் கலந்துபேசும் ஆலோசனைக் குழுவில் காவலர் கூட்டமைப்பும் உட்கார்ந்திருக்கிறது. 1918, 1919இல் அங்கே போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கத்தைத் தடை செய்துவிட்டு, அதற்குப் பதிலாக 1919இல் சட்டப்படி உருவாக்கிக் கொடுத்ததுதான் அந்தக் கூட்டமைப்பு. நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. பதிலுக்கு எந்த மேசையும் போட்டுக் கொடுக்கவில்லை. பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ மறியல் செய்யும்போது ஆசிரியர்களைக் கைது செய்து மண்டபத்துக்கு வண்டியில் ஏற்றுகிற காவலரில் பலர் சி.பி.எஸ்.காரர்களாக இருப்பார்கள். கோரிக்கை அவர்களுடையதும்தான். மறியல் செய்கிறவரிடம் 'ஏறுங்க சார்' என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு மரியாதை இருக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கோரிக்கை ஒரு வழியாக நகர்ந்தது. 2026 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி, ஊழியர் பங்கு அதே 10 சதவீதம், மீதி எவ்வளவு ஆனாலும் அரசு ஏற்கும் என்பது அதன் சாரம். நம் கேள்விக்கு இதில் முக்கியமான இடம் அந்த 'மீதி'. டெல்லி 18.5 என்று ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறது. இங்கே அரசின் பங்குக்கு எண் எதுவும் போடாமல், தேவையானதைக் கொடுப்போம் என்ற வாக்கு. ஊழியருக்கு இது நல்லது, ஏனென்றால் கழிவு விகிதம் இறங்கினாலும் ஆயுள் நீண்டாலும் அவர் பிடித்தம் ஏறாது. ஆனால் அரசு ஒவ்வொரு வருடமும் உண்மையிலேயே பணம் ஒதுக்குகிறதா, அல்லது பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிறதா என்பதைப் பட்ஜெட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான். எனவே இனி வரும் பட்ஜெட்டுகளில் ஓய்வூதிய நிதிக்கு எவ்வளவு என்று நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.

போலீஸ் வேலைக்கென்று தனியாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால், என் கருத்தில், விகிதத்தைத் தொடாதீர்கள். பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன, பணியில் முடமானவருக்கு என்ன என்பதைக் கேளுங்கள். சி.பி.எஸ். முறையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு நெடுஞ்சாலைப் பணியில் லாரி மோதி இறந்த காவலரின் கணக்கில் ஐந்து வருடப் பணம்தான் இருக்கும். எத்தனை சதவீதம் பிடித்திருந்தாலும் அந்தப் பணத்தை வைத்து ஒரு குடும்பம் நாற்பது வருடம் ஓட முடியாது. இதற்குத் தேவை எல்லோரும் சேர்ந்து தாங்கும் பொதுத் தொகுப்பு. போலீஸ் வேலைக்கான கூடுதல் செலவு ஆக்சுவரி கணக்கில் உண்மையாகவே வந்து விழுகிற இடமும் அதுதான்.

கடைசியாக, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மகன் பட்டாலியனிலிருந்து ஆயுதப்படைக்கு, அங்கிருந்து தாலுகா ஸ்டேஷனுக்கு என்று மாறும்போது சம்பளம் போடும் அலுவலகமும் மாறும். அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு மாதப் பிடித்தம் கணக்கில் ஏறாமல் போவது உண்டு. வருடா வருடம் சி.பி.எஸ். கணக்குத் தாளை இறக்கி, அரசு ஊழியர் ஊதிய விவரம் பார்க்கும் களஞ்சியம் இணையதளத்தில் இருக்கும் ஊதியப் பட்டியலோடு மாத வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்டிருந்தால் அப்போதே எழுதிக் கொடுத்தால் சரி செய்வது சுலபம். இருபது வருடம் கழித்து, பழைய பட்டாலியனில் பட்டியல் போட்டவரே ஓய்வு பெற்றுப் போன பிறகு, அந்த ரெக்கார்டைத் தேடுவது பெரும் பாடு.